அப்பாவின் கிண்ணமும் பாக்கெட்டின் பின்பக்கமும்

அப்பா காலையில் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தை ஒரு நாள் சமையலறைத் தராசில் வைத்தேன். கிண்ணத்தின் எடையைக் கழித்த பிறகு 72 கிராம் காட்டியது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'ஒரு பரிமாறும் அளவு' என்று போட்டிருந்தது 30 கிராம். "என்னம்மா, சாப்பாட்டை எடை போட ஆரம்பிச்சுட்டே?" என்று கேட்டபடி அப்பா பாலை எடுக்கப் போனார். நான் இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். அதே 72. அவர் தினமும் போட்டுக்கொள்கிற அளவுதான் அது.

அதற்கு முன் மூன்று மாதமாக நாங்கள் வீட்டில் உப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னதும் அம்மா சமையலில் பாதியாகக் குறைத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் இருந்த உப்பு ஜாடி அலமாரிக்குள் போனது. அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார், மாத்திரையும் ஒரு வேளை தவறவில்லை. ஆனாலும் அளவு இறங்கவில்லை. அடுத்த முறை போனபோது மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வீட்டுச் சமையல் சரி. பாக்கெட்ல வர்றது என்னென்ன சாப்பிடறார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்படி ஒன்றும் அதிகம் இல்லையே என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினோம். பிரெட், கார்ன்ஃப்ளேக்ஸ், இரவில் அவர் குடிக்கும் சூப் பொடி, பிஸ்கட், சீஸ் துண்டுகள். எதையுமே நாக்கு 'உப்பு' என்று சொல்லாது. பிஸ்கட்டும் கார்ன்ஃப்ளேக்ஸும் இனிப்பானவை. பிரெட்டில் உப்பு இருப்பதே தெரியாது. சத்து விவர அட்டவணையிலும் உப்பு என்று ஒரு வரி இல்லை, சோடியம் என்று இருந்தது. சில நாடுகளில் நேரடியாக உப்பு என்றே அச்சிடுகிறார்கள், மற்ற பல நாடுகளில் சோடியம்தான். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். இந்த ஒரு பெருக்கல் தெரியாததால் எத்தனையோ பேர் 400 மில்லிகிராம் சோடியம் என்பதை 0.4 கிராம் உப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு கிராம் உப்பு.

வளர்ந்தவர்கள் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சமைத்தது, வாங்கியது, மேலே தூவிக்கொண்டது எல்லாம் சேர்த்து.

அப்பா 40 வருடம் கணக்கு எழுதியவர். ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து கோடு போட்டார். நான் படிக்கப் படிக்க எழுதினார். பிரெட்டில் 100 கிராமுக்கு 450 மில்லிகிராம் சோடியம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என நான்கு துண்டு 140 கிராம், ஆக 630. கார்ன்ஃப்ளேக்ஸில் 100 கிராமுக்கு 500. அவர் கிண்ணத்துக்கு 360. சூப் ஒரு கிண்ணம் 600. மாலைத் தேநீரோடு 40 கிராம் பிஸ்கட், 160. ஒரு சீஸ் துண்டு, 200. கூட்டினால் 1950. அம்மா அடுப்பில் போட்ட உப்பு இந்தக் கணக்கில் ஒரு சிட்டிகை கூட இல்லை. அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் சப்பென்று சாப்பிட்டவர் அவர். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அன்றிலிருந்துதான் லேபிளை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றதை எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் அந்த 30 கிராம் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் அதுதான் என்பது என் எண்ணம். பரிமாறும் அளவு என்பது 'நீங்கள் இவ்வளவு சாப்பிடுங்கள்' என்ற அறிவுரை அல்ல, 'நீங்கள் இவ்வளவு சாப்பிடுகிறீர்கள்' என்ற உண்மையும் அல்ல. அட்டவணையில் உள்ள எண்களைக் கணக்கிட எடுத்துக்கொண்ட ஓர் அலகு, அவ்வளவே. சில நாடுகளில் அரசு விதி அதை நிர்ணயிக்கிறது, சில இடங்களில் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். அலகு சிறியதாக இருந்தால் எல்லா எண்ணும் சிறியதாகத் தெரியும். அப்பாவின் கார்ன்ஃப்ளேக்ஸ் தேன் சேர்த்த வகை. ஒரு பரிமாறலுக்குச் சர்க்கரை 7 கிராம் என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். 100 கிராமுக்கு 24 கிராம் என்று பின்பக்கம் சொல்கிறது. அவர் கிண்ணத்தில் அது 17 கிராமுக்கு மேல். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், நான்கு டீஸ்பூனைத் தாண்டிவிட்டது. பால் ஊற்றுவதற்கு முன்பே.

அதனால் இப்போது கடையில் நிற்கும்போது 100 கிராமுக்கு எவ்வளவு என்ற பத்தியை மட்டும்தான் பார்க்கிறேன். இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அது ஒன்றே நியாயமான அளவுகோல். ஒன்று 25 கிராமையும் இன்னொன்று 40 கிராமையும் ஒரு பரிமாறலாக வைத்திருந்தால் வேறு எப்படி ஒப்பிடுவது? அந்தப் பத்தி இல்லாத பாக்கெட்டாக இருந்தால், சோடியமோ சர்க்கரையோ, அந்த எண்ணைப் பரிமாறும் அளவால் வகுத்து 100-ஆல் பெருக்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் தட்டின் அளவு. ஒரே ஒரு முறை எடை போட்டுப் பார்த்தால் போதும், அப்புறம் கண்ணே பழகிவிடும்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். சூப் பொடி மாதிரி தண்ணீர் சேர்க்க வேண்டிய பொருட்களில் சில நிறுவனங்கள் 100 கிராம் பொடிக்குக் கணக்குக் கொடுக்கும், சில நிறுவனங்கள் தயாரித்த பின் 100 மில்லிக்குக் கொடுக்கும். இரண்டாவது வகையில் எண் மிகச் சிறியதாக இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அப்பாவின் சூப் 100 மில்லிக்கு 240 மில்லிகிராம் சோடியம் என்று காட்டியது. அவர் குடிக்கும் கிண்ணம் 250 மில்லி. முதலில் இதை வேறொரு சூப்பின் பொடிக் கணக்கோடு ஒப்பிட்டு, இதுவே நல்லது என்று முடிவுகட்டியிருந்தேன். 'தயாரித்த பின்' என்ற சிறிய எழுத்தைக் கவனிக்கவில்லை.

அட்டவணைக்கு அடுத்து மூலப்பொருள் பட்டியல். எனக்கு அட்டவணையை விட இதுதான் அதிகம் பேசுகிறது. அநேகமாக எல்லா நாட்டிலும் ஒரே விதிதான்: எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும், பிறகு இறங்குவரிசை. ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே அந்தப் பொருள் எதனால் ஆனது என்று புரிந்துவிடும். முன்பக்கத்தில் பழங்கள் குவிந்து கிடக்கும் ஒரு பானத்தில் முதல் பெயர் தண்ணீர், இரண்டாவது சர்க்கரை, மூன்றாவதாகத்தான் பழக்கூழ். பல நாடுகளில், பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தும் பொருள் எத்தனை சதவீதம் என்று பட்டியலில் சொல்லியாக வேண்டும். பழக்கூழுக்குப் பக்கத்தில் 12 சதவீதம் என்று இருந்தால் அது பழச்சாறு இல்லை, பழம் காட்டிய சர்க்கரைத் தண்ணீர்.

வரிசை விதிக்குள்ளும் ஒரு சந்து உண்டு. ஓட்ஸ் பார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓட்ஸ் 30 சதவீதம், சர்க்கரை 14, குளுக்கோஸ் சிரப் 12, தேன் 8. பட்டியலில் ஓட்ஸ் முதலில் வரும், விதி மீறல் ஏதும் இல்லை. ஆனால் இனிப்பு மூன்றையும் கூட்டினால் 34. இனிப்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் பட்டியலைப் படிக்கும்போது ஒரே வேலையைச் செய்கிற பெயர்களை மனசுக்குள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ், கார்ன் சிரப், இன்வெர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அடர்த்தியாக்கிய பழச்சாறு எல்லாமே அந்தக் குடும்பம். மால்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் தந்திரமானது. அட்டவணையில் அது சர்க்கரை வரியில் வராது, மாவுச்சத்து வரியில் போய்விடும். ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றக்கூடியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை வரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் மொத்த மாவுச்சத்தையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

சர்க்கரை வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொத்தச் சர்க்கரை வேறு, சேர்த்த சர்க்கரை வேறு. பாலில் இயல்பாகவே 100 மில்லிக்கு 5 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கிறது, அதுவும் மொத்தச் சர்க்கரைக்குள் எண்ணப்படும். பழ வாசனை சேர்த்த தயிரில் 100 கிராமுக்கு 13 கிராம் சர்க்கரை என்று கண்டால், ஒன்றும் சேர்க்காத தயிரை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதில் 5 என்று இருந்தால் மீதி 8 பெரும்பாலும் மேலே போட்டது. இந்தக் கழித்தலை வாங்குபவர் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? அமெரிக்காவில் 2016-இல் லேபிள் விதியை மாற்றியபோது சேர்த்த சர்க்கரைக்கு என்று தனி வரி கொண்டுவந்தார்கள். அது எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். 330 மில்லி குளிர்பான டின் ஒன்றில் பெரும்பாலும் 35 கிராம் அளவுக்கு இருக்கும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பதும் 'சர்க்கரை இல்லை' என்பதும் ஒன்றல்ல. அடர்த்தியான பழச்சாறு எந்தச் சர்க்கரையும் சேர்க்காமலேயே குளிர்பானத்துக்குச் சமமாக இனிக்கும்.

கலோரி எண்ணில் அப்பாவுக்கு ஒரு தனி ஈடுபாடு வந்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று சொன்னதும் வரவு செலவு சரிபார்ப்பதைப் போலச் சரிபார்க்கத் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள்தான் இன்றும் லேபிளில் பயன்படுகின்றன: ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. 100 கிராமில் புரதம் 7, மாவுச்சத்து 80, கொழுப்பு 3 என்று இருந்தால் 28, 320, 27, ஆக 375. அச்சிட்ட எண்ணோடு ஏறக்குறைய ஒத்துவரும். கொழுப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் என்பதை இந்தக் கூட்டல் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம் என்றால் 126 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதே கணக்குதான்.

எண்ணெய் என்றதும் ஒரு வாசகம் நினைவுக்கு வருகிறது. 'கொலஸ்ட்ரால் இல்லை.' தாவர எண்ணெய் பாட்டில்களில் பெரிதாக எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து வரும் உணவில் இருப்பது. தாவர எண்ணெயில் சொல்லும்படி அது எப்போதுமே இருந்ததில்லை. அந்த நிறுவனம் தனியாக எதையும் எடுத்துவிடவில்லை. நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் அதிகப் பங்கு நிறைவுற்ற கொழுப்புக்கும், எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கும்தான். அந்த இரண்டு வரியையும் பார்க்காமல் முன்பக்கத்தை நம்பி வாங்குவது எனக்கு இன்று பயமாக இருக்கிறது.

டிரான்ஸ் கொழுப்பில் ஒரு பூஜ்ஜியம் இருக்கிறது, அதை விளக்கியே ஆக வேண்டும். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்று எழுதலாம். மூன்று பிஸ்கட் ஒரு பரிமாறல், அதில் 0.4 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். லேபிளில் 0. ஒன்பது பிஸ்கட் சாப்பிட்டால் 1.2 கிராம் உள்ளே போயிருக்கும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாள் வரம்பே 2.2 கிராம்தான். ஆகவே எண்ணை விட்டுவிட்டு மூலப்பொருள் பட்டியலில் 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்ற சொற்களைத் தேடுவதே பாதுகாப்பு. டென்மார்க் 2003-இலேயே இதற்குச் சட்டம் போட்டுக் கடிவாளம் இட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எல்லா நாடுகளையும் ஒழிக்கச் சொல்லி அழைத்தது. இப்போது பல நாடுகளில் இது தடைசெய்யப்பட்டுவிட்டது அல்லது மிகவும் குறைந்துவிட்டது. தடை இல்லாத இடத்தில் வாழ்பவர்கள் அந்தச் சொற்களைக் கண்டதும் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுவது நல்லது.

முன்பக்க வாசகங்களில் இன்னொன்று: 'குறைந்த', 'குறைக்கப்பட்ட'. பலரும் இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறார்கள். 'குறைந்த கொழுப்பு' என்றால் ஒரு வரம்பு உண்டு. பல நாடுகளில் திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராம். 'குறைக்கப்பட்ட' என்றால் வேறொரு பொருளோடு ஒப்பிட்டு 25 சதவீதமோ 30 சதவீதமோ குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வழக்கமான சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். உப்பு குறைக்கப்பட்டதிலும் 500, 600 இருக்கும். குறைந்திருப்பது உண்மை, குறைவு என்பது உண்மை இல்லை. நான் இதைச் சொன்னபோது அம்மா, "அப்போ அதையே அரைக் கரண்டி ஊத்தறேன்" என்றார். எனக்குத் தெரிந்த மிக நல்ல தீர்வு அதுதான்.

உப்புக்குப் பதிலாக விற்கும் குறைந்த சோடிய உப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் சோடியம் குளோரைடுக்குப் பதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பலருக்கு அது நல்லதே. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உயர்த்தும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம். நாங்கள் வாங்கிவிட்டு, பட்டியலைப் படித்த பிறகு மருத்துவரிடம் கேட்டோம். அப்பா எடுக்கும் மாத்திரைக்கு வேண்டாம் என்றார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

பிரெட் வாங்கும்போது நிறத்தை நம்பக் கூடாது. கேரமல் நிறமியோ மால்ட்டோ சேர்த்தால் எந்த மாவும் பழுப்பாகும். 'பல தானியம்' என்றால் பல தானியங்கள் இருக்கின்றன என்றுதான் பொருள், அவை முழுத் தானியமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியலின் முதல் பெயர் 'முழு' என்று தொடங்குகிறதா என்று பார்ப்பேன், பிறகு நார்ச்சத்து. 100 கிராமுக்கு 6 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல அளவு.

எண்களைக் கண்டு பயப்படுகிறவர்கள் என் வட்டத்தில் நிறைய. 322, 330, 300 என்று பட்டியலின் கடைசியில் வருமே, உணவில் சேர்க்கும் துணைப்பொருட்களின் குறியீட்டு எண்கள், அவை. அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. 300 என்பது வைட்டமின் சி. 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 322 லெசித்தின், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள். எண் இருப்பதே கெடுதல் என்றால் அரை டீஸ்பூன் சோடா உப்பும் 500 என்ற எண் கொண்டதுதான். எண்களைப் பார்த்து அஞ்சி, முதல் மூன்று பெயர்களில் இருக்கும் சர்க்கரையைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதே சமயம் சிலருக்கு எண்கள் முக்கியம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு 220 முதல் 228 வரை வரும் சல்ஃபைட்டுகள் என்ற பதப்படுத்திகள் ஒத்துக்கொள்வதில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் 951, அதாவது அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒவ்வாமை என்றால் விஷயமே வேறு. எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஆகாது. அவள் அம்மா வழக்கமாக வாங்கும் அதே பிஸ்கட்டையும் ஒவ்வொரு முறையும் முழுவதும் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவார். ஒரு முறை உறை மாறாமல் செய்முறை மட்டும் மாறி, பட்டியலில் 'நிலக்கடலை இருக்கக்கூடும்' என்று புதிதாக வந்திருந்ததாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் சேர்ந்து 9.

தேதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றால் பாதுகாப்பு; அது தாண்டினால் தொடாதீர்கள். 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்றால் சுவையும் மொறுமொறுப்பும்; சரியாக வைத்திருந்தால் அதற்குப் பிறகும் பெரும்பாலும் சாப்பிடலாம்.

இத்தனையும் படிக்க முடிந்தால்தானே? எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் இது. முன்பக்கத்தில் விரல் நீள எழுத்து, பின்பக்கத்தில் எறும்பு வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதி கூட சிறிய ஆங்கில எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது. சின்ன உறைகளில் 0.9. உப்பையும் சர்க்கரையையும் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் யார்? அப்பா வயதுக்காரர்கள். அவர்கள் கண்ணுக்கு அது எழுத்தே இல்லை, சாம்பல் நிறக் கோடு. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்க அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அது அவர் கற்க வேண்டிய வேலையாக இருந்திருக்கவே கூடாது.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் முன்பக்கத்திலேயே அடையாளம் கொண்டுவந்திருக்கின்றன. ஸ்வீடன் 1989-இலேயே பச்சைச் சாவித்துளைக் குறியை அறிமுகம் செய்தது. பிரிட்டனில் பல பாக்கெட்டுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை. சர்க்கரை 100 கிராமுக்கு 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 5-க்குள் இருந்தால் பச்சை. உப்புக்கு 1.5-உம் 0.3-உம். பிரான்ஸ் 2017-இல் ஏ முதல் இ வரை ஐந்து எழுத்துகள் கொண்ட மதிப்பெண்ணை ஏற்றது. எனக்கு மிகவும் பிடித்தது சிலி 2016-இல் கொண்டுவந்த கறுப்பு எண்கோணம். சர்க்கரை அதிகம், உப்பு அதிகம் என்று நேராகச் சொல்லிவிடும். படிக்கத் தெரியாத குழந்தைக்குக் கூட இந்தப் பாக்கெட்டில் இரண்டு கறுப்புக் குறி, அதில் ஒன்றும் இல்லை என்று புரியும். என் நோட்டில் பிரிட்டன் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். எங்கே வாங்கும் பொருளுக்கும் 100 கிராம் பத்தி இருந்தால் அந்த எண்களை வைத்துப் பார்த்துவிடலாம்.

லேபிள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அச்சிட்ட எண் சராசரி. அமெரிக்க விதியில் கலோரி, சர்க்கரை, சோடியம் போன்றவை அச்சிட்டதை விட 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் 340-க்கும் 350-க்கும் இடையில் நின்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் 340-க்கும் 600-க்கும் என்றால் நின்று யோசியுங்கள். அப்புறம் காய், பழம், முட்டை, பருப்பு போன்றவற்றுக்கு நீளமான பட்டியல் எதுவும் தேவைப்படுவதில்லை. எங்கள் கூடையில் லேபிள் இல்லாத பொருட்கள் இப்போது அதிகம். அப்படித் திட்டம் போட்டு நடக்கவில்லை. படிக்கப் படிக்கத் தானாக மாறியது.

நாங்கள் பெரிதாக எதையும் தூக்கி எறியவில்லை. பிரெட் மாறியது, 450-லிருந்து 320 உள்ள ஒன்றுக்கு. சூப் வாரத்தில் ஒரு நாள் ஆனது, மற்ற நாட்களில் அம்மா காய்களை வேகவைத்துச் செய்கிறார். கார்ன்ஃப்ளேக்ஸ் இடத்தில் எதுவும் சேர்க்காத ஓட்ஸ் வந்தது. அதன் பட்டியலில் ஒரே ஒரு பெயர். சீஸை அப்பா விட மறுத்தார், விடவில்லை. நான்கு மாதம் கழித்து ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இடையில் மருத்துவர் மாத்திரையையும் மாற்றியிருந்தார், அப்பா மாலையில் நடக்கவும் தொடங்கியிருந்தார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மா சமையலில் உப்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார், அப்பாவுக்குச் சாப்பாடு மறுபடி சாப்பாடாக ருசித்தது. அதற்கு இடம் கொடுத்தது அந்த நோட்டுக் கணக்குதான்.

போன வாரம் கடையில் அவரைத் தேடிப் போனேன். பிஸ்கட் வரிசையில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் வயதொத்த ஓர் அம்மா. "இதுல சக்கரை எவ்வளவுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? எழுத்தே தெரிய மாட்டேங்குது" என்று கேட்டிருக்கிறார். அப்பா கைபேசியை எடுத்து, பின்பக்கத்தைப் பெரிதாக்கி, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நூறு கிராமுக்கு எவ்வளவு என்று சொன்னார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் பாக்கெட்டைக் கையில் வாங்கப் போனார். அப்பா கொடுக்கவில்லை.

"ஒரு தடவைக்கு எத்தனை சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.